நெவில் கட்டை உருட்டிய கோடை

என் அக்கா கோரலின் புருஷன் நெவில் ட்ரெகியாவை எனக்கு நாற்பத்து நாலு வருடங்களாகப் பிடிக்காது. கல்யாணத்தன்றே பிடிக்காமல் போய்விட்டது. கேக் வெட்டுகிற நேரத்தில் அவன் பாதிரியாரைப் பிடித்து நிறுத்தி, மண்டபத்துப் படிக்கட்டின் கைப்பிடி இருக்க வேண்டிய உயரத்தைவிட இரண்டு அங்குலம் குறைவு என்று விளக்கிக்கொண்டிருந்தான். கோரல் கத்தியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவன் பேசி முடித்து வந்த பிறகுதான் கேக் வெட்டப்பட்டது. அன்றைக்கே அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதை அவளிடம் இரண்டு முறை சொல்லியும் இருக்கிறேன்.

மெரிட்டன் நகரசபையில் அவன் முப்பத்தொரு வருடம் கட்டட ஆய்வாளனாக இருந்தான். அடுத்தவன் கட்டியதில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்த பிறகு சம்பளம் நின்றதே தவிர, குற்றம் கண்டுபிடிப்பது நிற்கவில்லை. உணவகத்தில் உட்கார்ந்தால் உணவுப் பட்டியலில் எழுத்துப்பிழை பார்ப்பான். தேநீர்ப் பையைச் சட்டைப்பையில் கொண்டுபோய், வெந்நீர் மட்டும் கேட்பான். எங்கள் அம்மா சாகக் கிடந்தபோது பார்க்க வந்தவன், கட்டிலின் சக்கரத்துக்குப் பூட்டுப் போடவில்லை என்று நர்ஸிடம் சண்டை போட்டுவிட்டு, அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவன் விளையாட்டில் ஏமாற்றுவான். பெரிய ஏமாற்று இல்லை. கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் உட்கார்ந்து கேள்வி பதில் விளையாடினால், முதல் நாளே அட்டைகளைக் கழிவறைக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருவான். சீட்டாட்டத்தில் கோரலுக்கு உதவுகிற சாக்கில் அவள் கையைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ப ஆடுவான். நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு இன்னொரு கிளாஸ் ஒயின் ஊற்றிக்கொள்வேன். குடும்பம் என்றால் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

எங்கள் நாட்டில் ஜனவரிதான் கோடை. இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு ஜனவரியும் மூன்று பேரும் கேப் ஹார்னெட்டுக்குப் போவோம். அங்கே, காருக்குப் பின்னால் கோத்து இழுத்துவரும் கேரவன் வீடுகளை நிறுத்துகிற கடற்கரைப் பூங்காவில் நாற்பதாம் இடம் அவர்களுடையது. நாற்பத்தொன்று என்னுடையது. என் புருஷன் இருந்தவரை அவனும் வருவான். அவன் போன பிறகு நானும் என் சின்ன கேரவனும்தான். இருபத்திரண்டு வருடமும் நெவில் பாறையில் நின்று தூண்டில் போட்டான். கோரல் பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, வாளியைப் பார்த்துக்கொண்டாள். வாளியில் மீன் விழுந்தது அபூர்வம். தண்ணீர் சரியில்லை என்பான். இருபது அடி தள்ளி நின்றவர்களுக்கு அதே தண்ணீரில் கிடைத்தது.

போன குளிர்காலத்தில் அவன் ஏணியிலிருந்து விழுந்து முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டான். அவன் வீட்டு ஏணி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் புதிதாகக் கூரைத் தண்ணீர்க் குழாய் போட்டிருந்தார். அவர் வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து, அவர் ஏணியிலேயே ஏறி, குழாயின் சாய்வு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனான். இனிமேல் பாறைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆக, இந்த ஜனவரியில் அவனுக்குச் செய்ய வேலை இல்லை. முதல் இரண்டு நாள் கேரவன் வாசலில் உட்கார்ந்து, பூங்காவுக்குள் வருகிறவர்கள் வண்டியைப் பின்னால் எடுக்கும் லட்சணத்தை விமர்சித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் காலை, நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும்போது வந்து நின்றான். தலையில் புது வெள்ளைத் தொப்பி. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் காலணி.

"யாருக்குக் கல்யாணம்?" என்றேன்.

"நானும் கோரலும் பௌல்ஸ் ஆடப் போறோம்."

"அவ கிட்ட கேட்டியா?"

"அவளுக்குப் பிடிக்கும்," என்றான்.

அவளுக்குப் பிடிக்கும்தான். அதுதான் எனக்கு எரிச்சல். பௌல்ஸ் மன்றத்து வேலியோரம் நடக்கும்போதெல்லாம் அவள் நின்று பார்ப்பாள். "ஒரு தடவை போய்ப் பாக்கலாமா நெவ்?" என்று இருபது வருடத்தில் எத்தனை முறை கேட்டிருப்பாள்! கிழடுகள் ஆடுகிற ஆட்டம் என்பான். இப்போது அவனே கண்டுபிடித்த மாதிரி வந்து நிற்கிறான். கோரல் அவன் பின்னால் தன் சாதாரண நீலச் சட்டையில், வாயெல்லாம் சிரிப்பாக நின்றாள். அவளைப் பார்த்ததும் எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.

வேடிக்கை பார்க்க நானும் போனேன். வேறு வேலை இல்லை.

திங்கள்கிழமை காலைகளில் புதியவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பது மெர்ல் பிரைன் என்ற அம்மாள். எழுபத்தொன்பது வயது. கைத்தடி ஊன்றித்தான் நடப்பாள். ஆனால் குனிந்து கட்டையை விட்டாளானால் கைத்தடியைப் பற்றி யாருக்கும் ஞாபகம் இருக்காது. அவளுடைய அண்ணன் அதோல் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஐம்பது வருடம் சிங்கி இறால் பிடித்தவர். இரண்டு கண்ணிலும் புரை. ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. இருந்தாலும் ஆட்டத்தை விடவில்லை.

ஆட்டம் லேசானதுதான். புல்தரையின் அந்தக் கோடியில் ஒரு சின்ன வெள்ளைப் பந்து. அதற்குக் குட்டி என்று பெயர். இந்தக் கோடியில் பாயில் நின்றுகொண்டு, கையடக்கமான பெரிய பந்துகளை உருட்டிக் குட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அந்தப் பெரிய பந்துகளைத்தான் நாங்கள் கட்டை என்போம். யாருடைய கட்டை குட்டிக்கு நெருக்கமோ அவர்களுக்குப் புள்ளி. ஒரே ஒரு சங்கடம், கட்டை நேராகப் போகாது. வேகம் குறையக் குறைய, சின்ன வட்டம் பொறித்த பக்கமாக வளையும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

"சின்ன வட்டம் போட்ட பக்கம் உள்ள இருக்கணும்," என்றாள் மெர்ல். "குட்டியப் பாத்து விடாதீங்க. வெளிய அகலமா விடுங்க. அதுவே திரும்பி வரும்."

"நான் நேராவே விடறேன்," என்றான் நெவில். "வேகமா விட்டா வளையறதுக்கு நேரம் இருக்காது. கணக்கு அவ்வளவுதான்."

"அப்படியா? விடுங்க பாக்கலாம்."

விட்டான். கட்டை பறந்து போய்ப் புல்தரை ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தது. இரண்டாவதும். மூன்றாவது கட்டை பக்கத்து ஆட்டத்துக்குள் புகுந்து அவர்கள் குட்டியை அடித்துக்கொண்டு போனது. நாலாவதை வட்டத்தை மாற்றிப் பிடித்து விட்டான். அது வேலியைத் தேடிக்கொண்டு போனது.

"தரை சமமா இல்ல," என்றான். உடனே குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு புல்லைப் பார்த்தான்.

அதோல் பெஞ்சிலிருந்து கேட்டார், "யாரு அது, சுவரு கட்டறவரா?"

"நான் கட்டட ஆய்வாளர்," என்றான் நெவில்.

"அதானே பாத்தேன். கட்டுனவன் கையில இவ்வளவு முரட்டுத்தனம் இருக்காது."

பிறகு கோரல் பாயில் வந்து நின்றாள். கட்டையை இரண்டு கையிலும் ஏந்திக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குனிந்து விட்டாள். அது சோம்பேறித்தனமாக வெளியே போய், பாதி வழியில் மனசு மாறின மாதிரி திரும்பி, குட்டிக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றது. மெர்ல் இன்னொரு கட்டையை எடுத்துக் கொடுத்தாள். அது இன்னும் நெருங்கி நின்றது.

"இதுக்கு முன்னாடி ஆடியிருக்கியா கண்ணு?"

"இல்ல. வேலிக்கு வெளியிலேர்ந்து பாத்திருக்கேன்."

"எத்தனை நாளு?"

"இருபது வருஷம்," என்றாள் கோரல்.

நெவில் நடுவில் புகுந்தான். "முதல் கட்டை எப்பவும் அதிர்ஷ்டத்துல விழும். மணிக்கட்ட இன்னும் திருப்பணும் கோரல், நான் சொல்லித் தரேன்." நாலு கட்டையையும் வீணாக்கியவன் சொல்கிறான்! அவளும், "சரி நெவ்," என்று மணிக்கட்டைத் திருப்பினாள். அடுத்த கட்டை கெட்டது. அவன் பார்க்காதபோது திருப்பாமல் விட்டாள்.

அந்த வாரம் முழுக்க இதுதான். காலையில் மன்றம். மத்தியானம் கேரவன் வாசலில் நெவிலின் பாடம். விதிப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து கோடு போட்டுப் படித்தான். இறால் வறுவல் தட்டுகளுக்கு நடுவே உப்பு, மிளகு டப்பாக்களை வைத்து வியூகம் காட்டினான். கோரல் தலையாட்டிக்கொண்டே எலுமிச்சை பிழிந்தாள். ஐந்து நாளில் அவன் கட்டைகளில் பாதி தரையில் நிற்க ஆரம்பித்தன என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை விடுமுறைப் போட்டி. ஊர்க்காரர்களும் வந்தவர்களும் கலந்து, ஜோடி ஜோடியாக ஆடுவது. பரிசு ஒரு தட்டு நிறைய இறைச்சி: ஆறு ஆட்டுத் துண்டம், ஒரு சரம் சாசேஜ், ஒரு கோழி. நெவில் தன் பெயரைத் தலைவன் என்ற இடத்தில் எழுதினான். ஜோடியில் முதல் ஆள் நாலு கட்டையும் விட்டுவிட்டு, குட்டி இருக்கும் கோடிக்குப் போய் நிற்க வேண்டும். தலைவன் கடைசியில் விடுவான். அதுவரை குட்டிப் பக்கம் நின்றுகொண்டு, எப்படி விட வேண்டும், எங்கே விட வேண்டும் என்று முதல் ஆளுக்குக் கட்டளை போடுவான். அந்த உத்தியோகத்தை அவன் விடுவானா?

முதல் ஆட்டம் ஜெயித்தார்கள். இரண்டாவதும் ஜெயித்தார்கள். இரண்டிலும் கோரலின் கட்டைகள் குட்டியைச் சுற்றிக் கோழிக்குஞ்சுகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. நெவிலின் வேலை அவற்றைக் கலைக்காமல் இருப்பது மட்டும். அதில் சில சமயம் வெற்றியும் பெற்றான். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எதிராளிகளின் கையைக் குலுக்கி, "முதல் வாரம்தான் ஆடறோம்," என்றான். 'நான்' என்று சொல்லாததற்கே நான் நன்றி சொல்ல வேண்டும்.

மூன்றாவது ஆட்டம் அதோலோடும் மெர்லோடும். ஜெயிப்பவர்களுக்கு இறைச்சித் தட்டு. வெயில் சுட்டெரித்தது. ஈக்கள் மொய்த்தன. நான் நிழலில் பீரோடு உட்கார்ந்து எண்ணிக்கைப் பலகையைப் பார்த்துக்கொண்டேன். எட்டுச் சுற்று. ஏழு சுற்று முடிந்தபோது ஒன்பதுக்கு ஒன்பது.

கடைசிச் சுற்றில் கோரலும் அதோலும் விட்டுவிட்டு அந்தக் கோடிக்குப் போனார்கள். கோரலின் மூன்றாவது கட்டை அருமையாக நின்றிருந்தது. பிறகு தலைவர்கள் முறை. நெவில் தன் நாலையும் வீணாக்கினான். மெர்லின் கடைசிக் கட்டை மெதுவாக வளைந்து வந்து, குட்டிக்கு மறுபக்கம் நின்றது. இங்கிருந்து பார்த்தால் இரண்டில் எது நெருக்கம் என்று சொல்ல முடியவில்லை. அங்கிருந்து பார்த்தாலும் முடியவில்லை போல. அளக்க வேண்டும்.

மெர்ல் கைத்தடியை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். நெவில் அவளை முந்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனான். உடைந்த முழங்கால் அப்போது வலிக்கவில்லை போலிருக்கிறது.

"நான் அளக்கறேன். முப்பத்தொரு வருஷம் இதான் என் தொழில்," என்று நாடாவை உருவிக்கொண்டு மண்டி போட்டான். எனக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. வெள்ளைத் துணி இழுத்துப் பிடித்த அகலமான முதுகு. அதோல் தலையைக் கொஞ்சம் சாய்த்தபடி நின்றார். கோரல் நெவிலுக்கு எதிரே, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நம்மளுது!" என்று நெவில் எழுந்தான். "அரை விரல் வித்தியாசம். பத்துக்கு ஒன்பது. நல்லா ஆடினீங்க பெரியவரே."

அதோல் கையை நீட்டினார். அதற்குள் கோரல், "நெவ், நீ அதத் தொட்ட," என்றாள்.

"என்ன?"

"கட்டையத் தொட்ட. நாடாவோட இரும்பு முனையால உள்ள தள்ளின."

"வெயில்ல உனக்குக் கண்ணு கூசுது கோரல்."

"எனக்கு ஒண்ணும் கூசல. அது என் கட்டை. எங்க நின்னுச்சுன்னு எனக்குத் தெரியும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் மன்றத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பத்து நாலு வருடத்தில் அவனை நாலு பேர் முன்னால் அவள் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. கடை வாசலில், கல்யாண வீட்டில், சாவு வீட்டில், எங்கேயும். என் கையிலிருந்த பீர் சூடாகிக்கொண்டிருந்தது. குடிக்கத் தோன்றவில்லை.

நெவில் சிரிக்கப் பார்த்தான். "இவளுக்கு விதி தெரியாது. புதுசு. நான்..."

"அளக்கும்போது தொட்டா புள்ளி அவங்களுக்கு," என்றாள் கோரல். "நீதான் புதன்கிழமை படிச்சுக் காட்டின. பக்கம் எண் வேணுமா?"

யாரோ 'க்ளுக்' என்று சிரித்தார்கள். நான்தான் என்று பிறகு சொன்னார்கள்.

மெர்ல் அப்போதுதான் வந்து சேர்ந்தாள். கைத்தடியில் சாய்ந்துகொண்டு இரண்டு பேரையும் பார்த்தாள். "என்ன கண்ணு, என்ன முடிவு?"

"பத்து உங்களுக்கு," என்றாள் கோரல்.

நெவில் நாடாவைச் சுருட்டினான். அது ஒழுங்காகச் சுருளாமல் இரண்டு முறை வெளியே ஓடியது. "சொந்தப் பொண்டாட்டியே இப்படிப் பேசினா அப்புறம் ஒரு மனுஷன் எதுக்கு ஆடணும்?" என்று பொதுவாக எல்லோரையும் பார்த்துக் கேட்டான். தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேலிக் கதவைத் திறந்து போய்விட்டான். கதவைத் தாழ் போடவில்லை. மற்றவர்கள் போடாவிட்டால் அவன் விடமாட்டான்.

கோரல் அதோலின் கையைக் குலுக்கினாள். மெர்லின் கையைக் குலுக்கினாள். தன் கட்டைகளைத் துடைத்துப் பையில் போட்டாள். அதன் பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நல்லாக் குடுத்த!" என்றேன். "இத நாப்பது வருஷம் முன்னாடியே குடுத்திருக்கணும்."

"வாய மூடு க்ளென்," என்றாள். என் பெயர் க்ளெண்டா. கோபம் வந்தால்தான் அவள் க்ளென் என்பாள்.

"என்ன இப்ப?"

"உனக்குப் புரியல. அவன் தள்ளாம இருந்திருந்தா அது என்னுதாவே இருந்திருக்கலாம். என் கட்டை கிட்டக்க இருந்திருக்கலாம். இல்லாமயும் இருந்திருக்கலாம். இனிமே அது யாருக்கும் தெரியாது." புல்தரைப் பக்கம் கையைக் காட்டினாள். "அத்தன நல்லா ஒண்ண நான் விட்டதே இல்ல."

ரொட்டியில் சாசேஜும் வெங்காயமும் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தின்றாள். இன்னொன்றும் வாங்கித் தின்றாள். மெர்ல் பரிசுத் தட்டிலிருந்து சாசேஜ் சரத்தைக் காகிதத்தில் சுற்றி அவள் மடியில் வைத்தாள். வேண்டாம் என்று கோரல் சொல்லிப் பார்த்தாள்; அந்த அம்மாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாலு மணிக்கு இருவரும் பூங்காவுக்கு நடந்தோம். நாற்பதாம் இடம் காலியாக இருந்தது. கேரவன் இல்லை. புல்லில் நீள்சதுரமாக ஒரு மஞ்சள் தடம், பிடுங்காமல் விட்ட நாலு முளைக்குச்சி, கோரலின் ஈரத் துணிகள் தொங்கும் கொடி. அவளுடைய மாத்திரை, கண்ணாடி, மாற்றுத்துணி எல்லாம் கேரவனோடு போய்விட்டன.

"போயிட்டானா?" என்றாள்.

இவ்வளவு கேவலமாக நடந்துகொள்வான் என்று நான்கூட நினைக்கவில்லை. அதை உரக்கச் சொல்லவும் செய்தேன். சொல்லி முடிப்பதற்குள் பூங்காவின் பொதுக் குளியலறைப் பக்கமிருந்து ஹாரன் சத்தமும் ஆட்களின் சத்தமும் கேட்டன.

போய்ப் பார்த்தோம். கோபத்தில் வாசலுக்குத் திரும்ப வேண்டியவன் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறான். அந்தப் பாதை குளியலறைச் சுவரோடு முடிகிறது. பின்னால்தான் வர வேண்டும். கேரவனைக் கோத்த வண்டியைப் பின்னால் எடுப்பது என்பது, ஓட்டுகிறவன் ஒரு பக்கம், பின்னால் நின்று கைகாட்டுகிறவர் ஒரு பக்கம், இரண்டு பேர் வேலை. அந்த இரண்டாவது வேலையை இத்தனை வருடமும் செய்தவள் கோரல். அவள் இல்லாமல் எடுத்ததில் காரும் கேரவனும் முழங்கை மாதிரி மடங்கி, சுவருக்கும் பைன் மரத்துக்கும் நடுவே சிக்கிக்கொண்டன. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. கேரவன் வாசலில் கட்டும் கூடாரத்தின் கழற்றாத கயிறு ஒன்று தரையில் இழுபட்டுக் கிடந்தது. குளித்துவிட்டு வெளியே வர வழியில்லாமல் துண்டோடு இரண்டு பேர் நின்றார்கள். மொத்தம் முப்பது பேர் கூடிவிட்டார்கள். பலர் நாற்காலி கொண்டுவந்திருந்தார்கள்.

முதல் இரண்டு நாளும் இவன் உட்கார்ந்து விமர்சித்தவர்கள்தான்.

"இடப்பக்கம் ஒடிங்க!"

"இல்ல, வலது, வலது!"

"நேரா விடுங்க. வேகமா விட்டா வளையறதுக்கு நேரம் இருக்காது!" இது மன்றத்திலிருந்து வந்த எவனோ.

நெவில் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து வேர்த்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். கோரலைக் கண்டதும் கண்ணாடியை இறக்கினான். "பின்னாடி போயி நின்னு கை காட்டு."

அவள் நகரவில்லை. சாசேஜ் பொட்டலத்தை மார்போடு பிடித்துக்கொண்டு ஓட்டுநர் பக்கம் வந்து நின்றாள். "மொதல்ல சொல்லு. தொட்டியா?"

"எல்லாரும் பாக்கறாங்க கோரல்."

"பாக்கட்டும். தொட்டியா?"

"கை வழுக்கியிருக்கலாம்."

"வழுக்கியிருக்கலாமா, வழுக்கிச்சா?"

"வழுக்கிச்சு."

"வழுக்கிச்சா, தள்ளினியா?"

துண்டோடு நின்ற ஒருவர், "அம்மா, கொஞ்சம் சீக்கிரம் முடிச்சா நல்லது," என்றார். "இருங்க," என்றாள் கோரல், அவர் பக்கம் திரும்பாமலே.

எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது என்று உள்ளபடி சொல்கிறேன். அவன் மூக்கு நுனியில் ஒரு சொட்டு வேர்வை தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை. எழுபத்தொரு வயது ஆள், ஆறு ஆட்டுத் துண்டத்துக்காகக் கட்டையைத் தள்ளிவிட்டு, சமையல்கட்டில் சர்க்கரை திருடிய பையன் மாதிரி உட்கார்ந்திருந்தான். பரிதாபமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே உட்காரட்டும் என்றுதான் இருந்தது.

"தள்ளினேன்," என்றான்.

"எதுக்கு?"

"ஜெயிக்கணும்னு. நாலு கட்டையும் போச்சு. நான் ஒண்ணுமே செய்யல இல்ல? எல்லாம் நீதானே செஞ்ச."

கோரல் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றாள். வலது கையைத் தூக்கினாள். ஐந்து நிமிஷத்தில் கேரவன் மரத்தையும் உரசாமல் சுவரையும் உரசாமல் வெளியே வந்து, நாற்பதாம் இடத்து மஞ்சள் தடத்திலேயே போய் உட்கார்ந்தது. கூட்டம் கைதட்டியது. அவனுக்கு இல்லை.

என் கேரவனில் படுத்துக்கொள் என்று அவளிடம் சொன்னேன். "என் கட்டில் அங்க இருக்கு," என்று போய்விட்டாள். அந்தப் பதிலுக்கு நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மீதி எட்டு நாளும் நெவில் கேரவனை விட்டு வெளியே வந்தது குளியலறைக்கு மட்டும்தான். கோரல் தினமும் காலையில் மன்றத்துக்குப் போனாள். கிளம்புவதற்கு முந்தின நாள் மட்டும் அவன் வெள்ளை உடுப்பு இல்லாமல், சாதாரண அரைக்கால்சட்டையில் அதோல் வீட்டுக்குப் போயிருக்கிறான். இது அதோலே என்னிடம் சொன்னது. வாசலில் நின்று, அன்றைக்கு வெளிச்சம் சரியில்லை என்று ஆரம்பித்து, தரையின் சாய்வைப் பற்றிச் சொல்லி, கடைசியில் மன்னிப்புக் கேட்டானாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"தெரியும்னு சொன்னேன். எனக்குக் கண்ணுதான் மங்கல். கட்டை புல்லுல உரசினா காதுல விழும்."

"அப்ப ஏன் அன்னிக்கே சொல்லல?"

"ஆட்டுக்கறிக்காக ஒருத்தனோட மல்லுக்கட்டச் சொல்றியா? அந்த மாதிரி ஆளுங்க ஜெயிச்சிட்டுப் போகட்டும்னு கைய நீட்டினேன். உங்கக்கா விடல." அவர் சிரித்தார். "வாசப்படி உயரம் சரியில்லன்னும் சொல்லிட்டுப் போனான் உன் ஆளு."

என் ஆள் இல்லை என்று அவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் மாதம் கோரல் மெரிட்டன் மன்றத்தில் சேர்ந்தாள். புதன்கிழமையும் சனிக்கிழமையும் ஆட்டம். நெவில் ஆடுவதில்லை, முழங்கால் என்கிறான். காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வேலிக்கு வெளியே கண்ணாடியை இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். போகிற வருகிறவர்களிடம், "நான்தான் கத்துக்குடுத்தேன்," என்று சொல்வதைக் காதால் கேட்டேன். ஒரு மனிதன் முப்பது பேர் முன்னால் அவமானப்பட்டுத் திருந்துவான் என்று நினைப்பவர்கள் நெவிலைப் பார்த்ததில்லை. ஆனால் அவள் மணிக்கட்டைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதில்லை. சொல்ல வாயெடுத்தால் அவள் ஒரு பார்வை பார்க்கிறாள், பேப்பரை விரித்துக்கொள்கிறான்.

அவளுக்கு ஜோடி வேண்டும் என்று என்னைப் பிடித்து இழுத்துவிட்டாள். அவள் தலைவி, நான் முதல் ஆள். என் கட்டைகள் எங்கே போகின்றன என்று கேட்காதீர்கள். போன சனிக்கிழமை நான் இரண்டு கட்டையைப் பள்ளத்தில் தள்ளினதும் அந்தக் கோடியிலிருந்து சத்தம் போட்டாள்: "க்ளென், எத்தனை தடவ சொல்றது? குட்டியப் பாக்காத, அகலமா விடு! தூங்கறியா?" மன்றம் முழுக்கக் கேட்டது. காரிலிருந்து நெவில் எட்டிப் பார்த்தான்.

எனக்குச் சுருக்கென்றது. கட்டையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். ஆட்டத்தில் இன்னும் நாலு சுற்று பாக்கி இருந்தது. "சரி கோரல்," என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டையை எடுத்துத் துடைத்தேன்.